அறுந்ததா, அறுத்ததா?

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் சாப்பாட்டு மேஜை மேல் ஒரு பேஸ் கிட்டார் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு மூன்று தடவை எண்ணினேன். பதினொன்று. நல்லது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தேன்... நாலு வயர். நாலும் துண்டாகிக் கிடந்தன. நாலும் ஒரே நீளத்தில்.

எனக்குக் கை கால் ஓடவில்லை.

நாலு வயருக்கா இந்தப் பதற்றம் என்று கேட்பீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் எதையும் எண்ணுகிற ஆள் என்று தெரியும். பவானிபூரில் எங்கள் மாடிக்கு ஐம்பத்து நாலு படி என்பது கூட உங்களுக்கு மனப்பாடம். ஆனால் நாலு மாதமாக ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுதாமல் மறைத்து வைத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவனிடம் அனுமதி கேட்டேன். "எழுதிக்கோ. பேரை மட்டும் மாத்திடு" என்றான். மாற்றிவிட்டேன். முரளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முரளி என் பிள்ளை. முப்பத்தெட்டு வயது. சால்ட் லேக்கில், செக்டர் ஃபைவில் சாஃப்ட்வேர் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து பேஸ் கிட்டார் வாசிப்பான். நாலே தந்தி, ஒவ்வொன்றும் கொடிக்கயிறு மாதிரி தடிமன். பாட்டில் அது தனியாகக் காதில் விழாது. அதை எடுத்துவிட்டால் மட்டும் பாட்டுக்குக் கால் இல்லாதது போல இருக்கும்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் பட்டப்பகலில் அவனை சாந்த்ராகாச்சி யார்டில் தண்டவாளங்களுக்கு நடுவே கண்டுபிடித்தார்கள். நான் முப்பத்தொரு வருடம் சிக்னல் பிரிவில் வேலை பார்த்த அதே யார்டு. என் பழைய ஆட்கள் முகத்தை அடையாளம் கண்டு டீ வாங்கிக் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அவன் நின்றிருந்தது வண்டி வராத லைன். அது அவனுக்குத் தெரிந்திருந்ததா? நான் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. மனநோய் என்றார்கள். பெயரும் சொன்னார்கள். காலையில் ஒரு மாத்திரை, இரவில் இரண்டு. விடாமல் சாப்பிட வேண்டும், விட்டால் ஆபத்து. டிஸ்சார்ஜ் செய்யும்போது டாக்டர் என்னைத் தனியாக அழைத்து இன்னொன்றும் சொன்னார். "அவருக்குப் பிடித்ததை எல்லாம் அவர் ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தால், உடனே எனக்கு போன் செய்யுங்கள்."

அன்று முதல் என் உத்தியோகம் மாத்திரை அட்டையை எண்ணுவது. காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை. காலிக் குழி எத்தனை, பாக்கி எத்தனை. ஒன்று கூடத் தப்பவில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை கூட இருந்தது.

கிட்டார் மட்டும் சுவரோரம் அப்படியே நின்றது. ஜூன் மாதம் ஒருநாள் கேட்டேன்.

"ஏன்டா, வாசிக்கறதில்லையா?"

"சத்தம் வரலைப்பா. உள்ள கட் ஆயிடுத்து."

கட் ஆயிடுத்து. இந்த ஒரு சொல்லில் நான் ஏமாந்தேன் பாருங்கள்... நானா!

யார்டில் எல்லா மொழிக்காரர்களும் ரெஜிஸ்டரில் எழுதுகிற வார்த்தை இதுதான். கேபிள் கட். அவ்வளவு எழுதினால் போதுமா? போதாது. தானாகப் போயிற்றா, யாராவது வெட்டினார்களா? எலி கடித்தது ஒன்று, துருப்பிடித்தது ஒன்று, செம்புக்காகத் திருடன் வெட்டியது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு நடவடிக்கை. அதனால் எனக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு இரண்டே தமிழ் வார்த்தை கற்றுக்கொடுத்திருந்தேன் — அறுந்ததா, அறுத்ததா? பிகார்காரர், ஒடியாக்காரர், வங்காளி, எல்லோரும் போனில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அந்த ஓர் எழுத்தில் ஒரு ஆள் ஒளிந்திருக்கிறான்.

ஊருக்கெல்லாம் கேட்டவன், வீட்டில் கேட்கவில்லை.

அடுத்த தப்பு. பெட்டியைத் திறக்காமலே சாமான் வாங்கப் போனேன். முதலில் திற, பார், பிறகு ஸ்டோருக்குப் போ என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனால் முரளி பார்த்துவிடுவான் என்று வெறும் கையோடு லால்பஜார் பக்கம் ஒரு வாத்தியக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நான் சொன்னதைப் பாதிதான் கேட்டார்.

"பிக்அப் கேச்சே, தாதூ" என்றார். பிக்அப் போய்விட்டது, தாத்தா.

தந்திக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டிதான் பிக்அப். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி. மேலே தந்தி ஆடினால் கம்பியில் துளி மின்சாரம் பிறக்கும். ஆம்ப் அதைப் பெரிதாக்கும். முரளியின் கிட்டாருக்கு அப்படி இரண்டு. கடையில் ஜோடியாக இல்லை. ஒரு கம்பெனியில் ஒன்று, வேறு கம்பெனியில் ஒன்று கொடுத்தார். "அளவு ஒன்றுதான், பொருந்திவிடும்" என்று பொட்டலம் கட்டிக்கொண்டே, எந்த பேண்டில் சேரப் போகிறீர்கள், தாதூ என்று கேட்டார். கடையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை முரளிக்கு ரத்தப் பரிசோதனை. என் மனைவி ஜெயா கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு இரண்டரை மணி நேரம் கிடைத்தது. சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணிவிட்டுக் கிட்டாரைத் திறக்க உட்கார்ந்தேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் — பிக்அப்புக்கு ஒன்று — பொருத்திய தகட்டைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல்கள். ஏழு. எந்தப் பொறுப்பில்லாதவன் திறந்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றினேன்.

உள்ளே... முதலில் சொன்னேனே, அந்த நாலு வயர்.

தானாக அறுந்த வயரின் நுனி பிசிறு பிசிறாக இருக்கும். இவை பளிச்சென்று இருந்தன. கட்டரால் வெட்டியவை. இந்தக் கிட்டார் நாலு மாதமாக வீட்டை விட்டு வெளியே போகவில்லை. வீட்டில் இருப்பது ஒரே கட்டர். என்னுடையது.

பிடித்ததை எல்லாம் அவர் விட ஆரம்பித்தால்... டாக்டர் சொன்னது காதுக்குள் ஓடியது. அப்போதே போன் செய்திருக்க வேண்டும் அல்லவா? நான் செய்யவில்லை. செய்தது என்ன தெரியுமா? பழைய பிக்அப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புதியவற்றை மாட்ட ஆரம்பித்தேன்! விபத்து நடந்த இடத்தில் விசாரணை முடியும் வரை எதையும் தொடக் கூடாது — எங்கள் வேலையில் அதுதான் முதல் பாடம். நான் தடயத்தை அழித்துக்கொண்டிருந்தேன். சத்தம் வந்துவிட்டால் வெட்டியதே நடக்காதது போல ஆகிவிடும் என்று எனக்கு எப்படித் தோன்றியதோ... பயந்தவனுக்கு எதுவும் தோன்றும்.

முதல் பிக்அப்பில் கறுப்பும் வெள்ளையும். கறுப்பை எர்த்துக்கு, வெள்ளையைக் குமிழுக்கு. இரண்டாவதில் சிவப்பும் பச்சையும். இதற்கு யோசனை எதற்கு? பச்சை என்றால் எர்த். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம். பச்சையை எர்த்தில் வைத்து சால்டர் போட்டேன்.

ஆம்பில் செருகினேன். ஹ்ம்ம்ம் என்று பழைய ஃப்ரிட்ஜ் மாதிரி ஓர் இரைச்சல். தந்தியைத் தொட்டேன். நிற்கவில்லை. குமிழின் இரும்பைத் தொட்டேன். நின்றது. ஆக, தந்திகளுக்கு எர்த் இல்லை. தந்திகளின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கட்டைக்கு அடியிலிருந்து ஓர் ஒல்லியான வயர் உள்ளே வரும். தகட்டை நான் அவசரமாகத் தூக்கினபோது அது பிய்ந்திருந்தது. இது அறுந்தது, குற்றவாளி நான். திரும்ப ஒட்டவைத்தேன். இரைச்சல் அடங்கிற்று.

பிறகு முறைப்படி சோதனை. ஒரு குமிழை மட்டும் திறந்து தந்தியைத் தட்டினேன். கும்மென்று தரை வரை இறங்கிய சத்தம். பாஸ். அதை மூடிவிட்டு மற்றதைத் திறந்தேன். பாஸ். தகட்டை மூடி ஸ்க்ரூ போட்டேன். பதினொன்று.

அப்புறம்தான் இரண்டு குமிழையும் சேர்த்து முழுதாகத் திறந்தேன். சத்தம் செத்துவிட்டது. முழுதாக இல்லை... மெலிந்து, நசுங்கி, ரேடியோவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியது போல. இரண்டு நல்ல பிக்அப், நாலு நல்ல சால்டர். சேர்ந்தால் மட்டும் ஏன் இப்படி? தட்டினேன். மறுபடியும் தட்டினேன். வாசல் கதவு திறந்தது எனக்குக் கேட்கவில்லை.

"ரெண்டையும் முழுசாத் திறந்து வெச்சிருக்கியா?"

முரளி. மழையில் சட்டை நனைந்திருந்தது. ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொண்டு நின்றிருந்தான். பின்னால் ஜெயா, குடையோடு.

"ஆமாம்" என்றேன். திருடனைப் போல.

"ஒண்ணைக் குறை."

குறைத்தேன். தட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இப்ப ஏத்து."

ஏற்றினேன். சத்தம் மெலிந்தது.

"ஃபேஸ் மாறியிருக்குப்பா. ஒண்ணு தள்ளறப்போ இன்னொண்ணு இழுக்கறது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுடறது. அடி சத்தம்தான் முதல்ல போகும். எந்தக் கலரை எர்த்துல வெச்சே?"

"பச்சை. எர்த்துன்னா பச்சைதானேடா?"

"அது உங்க ரயில்வேல. இந்தக் கம்பெனிக்காரன் பச்சையிலதான் சிக்னலே அனுப்பறான். அந்த ரெண்டு வயரை மட்டும் மாத்திப் போடு."

நாலு மாதத்தில் அவன் என்னிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. சந்தோஷப்பட எனக்கு நேரம் இல்லை. அவன் கண் மேஜை மேல் போயிற்று. செய்தித்தாளின் மேல் பழைய பிக்அப் இரண்டும், வெட்டிய நுனிகளோடு.

என் வாயிலிருந்து என்னை அறியாமல் அந்தக் கேள்வி வந்தது.

"முரளி... இது அறுந்ததா, அறுத்ததா?"

"அறுத்தது."

"யாரு?"

"நான்தான். உன் கட்டர்தான்."

"ஏன்னா, இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றாள் ஜெயா.

"கேக்கட்டும்மா. இன்னிக்காவது கேக்கறாரே."

பஞ்சை மேஜையில் வைத்துவிட்டு வலது கையை எனக்கு நேராக நீட்டினான். "பாரு."

ஐந்து விரலும் நடுங்கின. கடைசிப் பெட்டி போன பிறகும் தண்டவாளம் கொஞ்ச நேரம் அதிருமே, அந்த மாதிரி. ஆனால் இது நிற்கவில்லை.

"மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரத்துலேர்ந்து இப்படித்தான். வாசிச்சா ஒவ்வொரு நோட்டும் வழுக்கறது. அதையும் இந்த ஆம்ப் பெரிசு பண்ணிக் கேக்க வெக்கறது. கேக்கவே வேண்டாம்னு வெட்டிட்டேன். அவ்வளவுதான். நீ நினைக்கற மாதிரி வேற ஒண்ணும் இல்லை."

நான் என்ன நினைத்தேன் என்று நான் சொல்லவே இல்லையே. என் முகத்தில் எழுதியிருந்தது போலும்.

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமேடா..."

"எப்ப சொல்றது? 'கேமோன் ஆச்சோ'ன்னு என்னைக் கேப்பார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ 'ஆல் நார்மல், டாக்டர்'ம்பே. தொண்ணூறு மாத்திரை, ஒண்ணுகூட மிஸ் இல்லைன்னு ஒப்பிப்பே. அவர் எழுதிண்டு அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுடுவார்."

"நீ குறுக்கே சொல்லப்படாதா?"

"சொன்னா டோஸைக் குறைப்பார். குறைச்சா உனக்கு பயம் வந்துடும். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த முதல் வாரம் வாசக்கதவுல நாற்காலியைப் போட்டுண்டு உக்காந்திருந்தியே... மறுபடியும் அதை என்னால பாக்க முடியாதுப்பா."

ஜெயா குடையை மூலையில் வைத்தாள். என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நாலு மாசமா அவனுக்கு அரை டம்ளர் காப்பிதான் தரேன். முழு டம்ளர்னா சிந்திடும். எதுக்கு அரைன்னு ஒருநாளாவது கேட்டேளா? மாத்திரை அட்டையைத்தான் விளக்குல காட்டிக் காட்டிப் பாத்துண்டிருந்தேள்."

அரை டம்ளரை நான் பார்த்திருக்கிறேன். தூக்கம் கெடக்கூடாது என்று குறைக்கிறாளாக்கும் என்று நானே ஒரு காரணம் எழுதி ஃபைலை மூடியிருந்தேன். தகட்டின் மேல் இருந்த ஏழு கீறல்களையும் இப்போது வேறு மாதிரிப் பார்த்தேன். பொறுப்பில்லாதவன் போட்டவை இல்லை அவை. நடுங்குகிற கை, ஒரு ஸ்க்ரூவைப் பிடிக்க ஏழு தடவை முயன்றிருக்கிறது. நான் கீறலை எண்ணினேன். கையை நினைக்கவில்லை.

தனித்தனியாகச் சோதித்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் பாஸ்தான். அவன் எனக்குப் பயம் வரக்கூடாது என்று மறைத்தான். நான் அவனுக்காகப் பயந்துகொண்டு எண்ணினேன். இரண்டும் பிரியம்தான், இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்திருக்கிறது. நாலு மாதமாக வீட்டில் அடி சத்தமே இல்லை. உங்கள் வீட்டில் எப்படி? தெரியாது. இரண்டு குமிழையும் சேர்த்துத் திறந்து பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

வயரை மாற்றிப் போட்டேன். அவன் பக்கத்தில் நின்று, இது இங்கே, அது அங்கே என்று சொன்னான். சிவப்பு எர்த்துக்குப் போயிற்று. எனக்கு மனசே ஒப்பவில்லை. ஆம்பைப் போட்டு இரண்டையும் திறந்து நான்தான் தட்டினேன். முழுச் சத்தம். கிண்ணம் மேஜையில் நகர்ந்தது.

"சரியா இருக்கு" என்றான். வாசிக்கவில்லை. ஈரச் சட்டையை மாற்ற உள்ளே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மூன்று பேருமாக டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார். பத்து நாள் கழித்து மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும். நடுக்கம் குறையலாம், குறையாமலும் போகலாம். குறைத்த அளவு நோய்க்குப் போதாமலும் போகலாம். அப்படியானால் வேறு மருந்து. ஒன்றுக்கும் உத்தரவாதம் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். யாரும் இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மாத்திரையைத் தாங்களாகக் குறைத்துவிடாதீர்கள். அதற்கு டாக்டர் வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. போன வாரத்தை விட அதிகமாகவே இருக்கிறது. நாற்காலியை இன்னும் வாசலில் போடவில்லை.

அந்த அறையில் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். டாக்டர் வழக்கம்போல முரளியைப் பார்த்து, "கேமோன் ஆச்சோ?" என்றார். எப்படி இருக்கிறாய்?

என் வாய் திறந்துவிட்டது. ஜெயா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். மூடிக்கொண்டேன்.

அறையில் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார் — இந்த மனிதருக்கு இன்று என்ன ஆயிற்று என்பது போல. பிறகு முரளியைப் பார்த்தார். முரளி தன் மடியில் இருந்த கைகளைப் பார்த்தான். ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

"ஹாத் காப்பே, டாக்தர்பாபு" என்றான். கை நடுங்குகிறது.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒன்பது விநாடி. எண்ணினேன்.

இத்தனை நாளாக நான் இரண்டாவது விநாடியிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.